நெட்வொர்க் பாதுகாப்பா, மென்பொருள் உருவாக்கமா: எதில் தொடங்குவது?

கணினித் துறையில் காலூன்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதில் இரண்டே அளவுகோல்கள்தான் இருக்கின்றன: எதில் சம்பளம் அதிகம், எதில் வேலை நிச்சயம். இரண்டுக்கும் பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஒரே நிறுவனத்துக்குள்ளேகூட மாறுகிறது. அதை நம்பி முப்பது ஆண்டு உழைப்பைத் தீர்மானிக்க முடியாது. அவ்வளவாக மாறாதது வேலையின் இயல்பு. காலையில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும், மாலையில் எதைச் செய்து முடித்ததாகச் சொல்ல முடியும், தவறு நேர்ந்தால் அது யார் தலையில் விழும் என்பவற்றை வைத்து ஒப்பிடுவதுதான் பயனுள்ளது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதன் மீதும் தனி ஈர்ப்பு இல்லாதவர் மென்பொருள் எழுதுவதில் தொடங்குவது நல்லது. மூன்று நான்கு ஆண்டுகள் எழுதி, எழுதியதை ஓடவிட்டு, அது உடைவதையும் பார்த்த பிறகு பாதுகாப்புப் பக்கம் போகிறவருக்கு அங்கே கிடைக்கும் இடமே வேறு. பாதுகாப்பு மேலான வேலை, நிரல் எழுதுவது அதற்கான படிக்கட்டு என்று இதற்குப் பொருள் இல்லை. பலர் எழுதும் பக்கத்திலேயே தங்கிவிடுவார்கள், தங்கவும் வேண்டும். இந்த முடிவு பொருந்தாத சிலரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஒரு நாளின் கணக்கு

மென்பொருள் உருவாக்குநர் நாள் முழுவதும் புதிது புதிதாக எழுதிக் குவிக்கிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வாசிப்புதான் அதிகம். வேறு யாரோ எழுதிய, எழுதியவர் வேலையை விட்டே போய்விட்ட நிரலை வாசித்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டு, அதில் பத்து வரி மாற்ற வேண்டும். அந்தப் பத்து வரிக்குச் சோதனை எழுத வேண்டும். சக ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் மதிப்பு காலியாக வந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். சலிப்பான நாட்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் முடிவில் கையில் ஒன்று இருக்கிறது. நேற்று இல்லாத பட்டன் இன்று திரையில் இருக்கிறது. அதை யாரோ அழுத்துகிறார்கள்.

நெட்வொர்க் பாதுகாப்பு வல்லுநர் என்ற பெயருக்குள் ஐந்தாறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. நெட்வொர்க்குக்குள் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலின் விதிகளை எழுதிப் பராமரிப்பவர், கண்காணிப்பு மையத்தில் எச்சரிக்கைகளைப் பார்ப்பவர், தாக்குதல் நடந்த பின் எது போனது, எப்படிப் போனது என்று துப்புத் துலக்குபவர், அனுமதி பெற்று உள்ளே புகுந்து பார்க்கும் ஊடுருவல் சோதனையாளர், புதிய அமைப்பு உருவாகும்போதே எங்கே எந்தத் தடுப்பு வேண்டும் என்று வரைபவர், தணிக்கையையும் விதிமுறைகளையும் கவனிப்பவர் என எல்லோரும் அந்த ஒரே பெயரில்தான் அழைக்கப்படுகிறார்கள். திரைப்படங்கள் காட்டுவது ஊடுருவல் சோதனையாளரை மட்டும்தான். அதையும் தவறாகக் காட்டுகின்றன. அவருடைய நேரத்தில் கணிசமான பகுதி அறிக்கை எழுதுவதில் போகிறது. வாடிக்கையாளர் காசு கொடுப்பதும் அந்த அறிக்கைக்குத்தான்.

புதியவர்கள் நுழையும் வாசல் பெரும்பாலும் கண்காணிப்பு மையம். அங்கே எச்சரிக்கைகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை: யாரோ கடவுச்சொல்லை மறந்து நான்கு முறை தவறாகத் தட்டியிருப்பார், காப்புப் பிரதி எடுக்கும் நிரல் நள்ளிரவில் வழக்கத்தைவிட அதிகத் தரவை அனுப்பியிருக்கும். முந்நூறாவது வெற்று எச்சரிக்கையையும் முதல் எச்சரிக்கையைப் பார்த்த அதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. குளிர்சாதன வேலைகளைக் கவனித்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியாகத் திருடர்கள் உள்ளே வந்தார்கள். டார்கெட் விலை கொடுத்து வாங்கியிருந்த கண்டறியும் கருவி சரியாகவே வேலை செய்தது, எச்சரிக்கையும் கொடுத்தது. அதன் மீது யாரும் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்களைச் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முன்பு எத்தனை வெற்று எச்சரிக்கைகளை அவர்கள் பார்த்திருப்பார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பு வேலையில் நல்ல நாள் என்பது ஒன்றும் நடக்காத நாள். இது சொல்வதற்கு எளிது. பல ஆண்டுகள் அப்படியே இருப்பது கடினம். உங்கள் உழைப்பால்தான் ஒன்றும் நடக்கவில்லையா, அல்லது யாரும் இன்னும் முயலவில்லையா என்பதை நிரூபிக்க வழியில்லை. ஆண்டு இறுதியில் நிதி ஒதுக்கும் கூட்டத்தில் உருவாக்குநர் குழு தான் கட்டியதைக் காட்டிப் பணம் கேட்கும். நீங்கள் நடக்காததைக் காட்டிக் கேட்க வேண்டும். செய்த வேலைக்கு நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் சுபாவம் உள்ளவர்கள் இதில் வாடிப்போவார்கள். அந்த எதிர்பார்ப்பில் குற்றமில்லை, அதற்கு இது சரியான இடமில்லை என்பதுதான் விஷயம்.

75 சென்ட்டும் அரை விநாடியும்

1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. ஆராய்ச்சி நிதி தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் அதைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு டாலர்கூடப் பெறாத தொகை. கூட்டலில் வந்த சிறு பிழை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், அவர் போகவில்லை. யாரோ ஒருவர் கட்டணக் கணக்கே இல்லாமல் சில விநாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளை மாட்டி, அந்த ஆள் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதிவு செய்தார் ஸ்டோல். அவன் நீண்ட நேரம் இணைப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக, இல்லாத ஒரு ராணுவத் திட்டத்தின் பெயரில் போலிக் கோப்புகளை உருவாக்கி வைத்தார். பல மாதங்கள் அலைந்த பிறகு தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் நின்றது. அமெரிக்க ராணுவக் கணினிகளில் புகுந்து எடுத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கூட்டம் அது.

2024 மார்ச்சில் நடந்தது இதற்கு இணையான இன்னொரு கதை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், வேறு ஏதோ வேகச் சோதனைக்காகத் தன் லினக்ஸ் கணினியில் தேவையற்ற சுமையைக் குறைத்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். நிரல் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது அவர் கண்ணில் பட்டது. ஏன் என்று தோண்டினார். எக்ஸ்.இசட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சாதாரண நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ கள்ளக் கதவு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் அது ஒளிந்திருந்தது. அதைப் பொருத்திய ஆள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பவரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் கையில் வாங்கியிருந்தார். மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் இதை வெளியிட்டபோது பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குள் அது இன்னும் நுழைந்திருக்கவில்லை. இன்னும் சில மாதங்கள் போயிருந்தால் உலகின் சர்வர்களில் பெரும்பகுதி அந்தக் கதவைச் சுமந்துகொண்டிருக்கும்.

இந்த இருவரில் ஒருவர்கூடப் பாதுகாப்பு வல்லுநர் என்ற பதவியில் இல்லை. ஸ்டோல் கணக்குப் பிழையைத் தேடினார். ஃப்ராய்ண்ட் வேகக் குறைவைத் தேடினார். தங்கள் கணினி வழக்கமாக எப்படி நடந்துகொள்ளும் என்பது இருவருக்கும் அத்துப்படி. அதனால்தான் வழக்கமில்லாத ஒன்று உறுத்தியது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் தாக்குதல்களின் பட்டியலைக் கற்றுக்கொடுக்கின்றன. எது இயல்பு என்ற உணர்வை அவற்றால் கற்றுக்கொடுக்க முடியாது. ஓர் அமைப்பை எழுதியோ, அதை நாள்தோறும் ஓட்டியோதான் அது வருகிறது. எழுதுவதில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரே ஓட்டை, இரண்டு நாற்காலிகள்

இரண்டு வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை பொருத்தமான எடுத்துக்காட்டு. இணையத்தில் பாதுகாப்பான இணைப்புகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஓபன்எஸ்.எஸ்.எல். என்ற நிரல் தொகுப்பில் அது இருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு செய்தி அனுப்பும். அதே செய்தி திரும்பி வர வேண்டும். செய்தியின் நீளம் எவ்வளவு என்பதையும் அனுப்புபவரே சொல்வார். சொன்ன நீளமும் உண்மையான நீளமும் ஒன்றா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் நீளம் என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் சேர்த்துத் திருப்பி அனுப்பியது. அதில் கடவுச்சொற்கள் இருக்கலாம். ரகசியச் சாவிகளே இருக்கலாம்.

உருவாக்குநரின் நாற்காலியிலிருந்து பாருங்கள். விட்டுப்போனது ஒரு நீளச் சரிபார்ப்பு. எழுதியவர் கவனிக்கவில்லை, மேற்பார்த்தவரும் கவனிக்கவில்லை. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. திருத்தம் சில வரிகள்தான்.

இப்போது பாதுகாப்பு வல்லுநரின் நாற்காலிக்கு மாறுங்கள். அறிவிப்பு வந்த ஏப்ரல் 7 அன்று அவர் முன் நின்ற முதல் கேள்வி: நம்மிடம் எந்தெந்தச் சர்வர்களில் இந்தப் பதிப்பு இருக்கிறது? சர்வர்களில் மட்டுமா, விலைக்கு வாங்கிய நெட்வொர்க் கருவிகளுக்குள்ளும் இருக்குமே? கண்டுபிடித்துப் புதுப்பித்தால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. சாவி ஏற்கெனவே கசிந்திருந்தால் புதுப்பித்து என்ன பயன்? எனவே சர்வரின் அடையாளத்தை உறுதி செய்யும் டிஜிட்டல் சான்றிதழ்களை ரத்து செய்து, புதிய சாவிகள் உருவாக்கி, பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டும். நம்மிடமிருந்து எதுவும் திருடப்பட்டதா என்று மேலதிகாரி கேட்பார். இந்தத் தாக்குதல் வழக்கமான பதிவேடுகளில் தடயமே விடுவதில்லை என்பதால் அதற்கு நேர்மையான பதில், தெரியாது என்பதுதான். ஒருவர் சில வரிகளில் திருத்திய பிழையை மற்றவர்கள் வாரக்கணக்கில் துரத்தினார்கள். எந்த நாற்காலி உங்களுக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்க இந்த ஒரு நிகழ்வைக் கூர்ந்து படித்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

துரத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதை 2017-ல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் காட்டியது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் ஒரு சர்வர் மட்டும் விடுபட்டுப்போனது. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் ஜூலை இறுதி வரை இருந்தார்கள். மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கருவியின் சான்றிதழ் நீண்ட காலத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டதால் அது எதையும் பார்க்கவில்லை. சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து உடனே தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் போய்விட்டன. இதில் மேதைத்தனம் தேவைப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல், எது எப்போது காலாவதியாகும் என்ற பட்டியல், இரண்டும் சரியாக இருந்திருந்தால் போதும். பாதுகாப்பு வேலையின் பெரும்பகுதி இத்தகைய பட்டியல்களோடுதான் நடக்கிறது. கவர்ச்சிக்காக வருபவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

உருவாக்குநரின் தவறு எப்போதும் சிறிதாகவே முடியும் என்றும் எண்ண வேண்டாம். வழக்கமாக, பிழை வந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். 2024 ஜூலை 19 அன்று அது முடியவில்லை. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன, விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. தாக்கியவர் யாரும் இல்லை. 21 மதிப்புகளை எதிர்பார்த்த நிரலுக்கு 20 மட்டுமே வந்தன. இல்லாத இருபத்தோராவதைத் தேடி அது நினைவகத்தின் எல்லைக்கு வெளியே போய்ப் படித்தது. கணினியே தொடங்காததால் பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் நின்று கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாதுகாப்பு மென்பொருள் எழுதுபவரும் முதலில் நல்ல நிரலாளராக இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த பாடம் இருக்க முடியாது.

கதவு எங்கே திறக்கிறது

வேலைக்குள் நுழையும் விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. உருவாக்குநராக நுழைய உங்களுக்குத் தேவைப்படுவது நீங்கள் எழுதிய ஒன்று. அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஓட்டிப் பார்க்கலாம், குறை சொல்லலாம். சான்றிதழ்களுக்கு அங்கே மதிப்பு குறைவு. பாதுகாப்புப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். நீங்கள் தடுத்ததை யாரிடமும் எடுத்துக் காட்ட முடியாது. முந்தைய நிறுவனத்தின் ரகசியத்தைப் பேசவும் கூடாது. அதனால் ஆள் எடுப்பவர்கள் சான்றிதழ்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். துறையில் பெயர்பெற்ற சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குத் தேர்வில் வென்றால் மட்டும் போதாது. அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் சேர்த்து ஐந்து ஆண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். பொருத்தமான பட்டமோ வேறு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு கழியும். ஊடுருவல் சோதனைக்கான ஓ.எஸ்.சி.பி. வேறு ரகம்: 23 மணி 45 நிமிடத்துக்குள் தேர்வுக்கென அமைத்த கணினிகளில் புகுந்து காட்ட வேண்டும், அதன் பிறகு அறிக்கை எழுத 24 மணி நேரம். நெட்வொர்க் அடிப்படைக்கான சி.சி.என்.ஏ. மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். இவற்றில் என் மதிப்பு ஓ.எஸ்.சி.பி. மீதுதான், அதில் மனப்பாடம் உதவாது.

'தொடக்க நிலை' என்று போட்டுவிட்டு இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் கேட்கும் பாதுகாப்பு விளம்பரங்களைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது, ஆனால் அந்த எதிர்பார்ப்பில் காரணமும் இருக்கிறது. ஒரு நெட்வொர்க்கைக் கட்டாதவரிடம் அதைக் காக்கச் சொல்ல முடியாது. உருவாக்குநராகவோ சர்வர்களை நிர்வகிப்பவராகவோ கழித்த சில ஆண்டுகள் அந்த அனுபவமாகக் கணக்கில் வரும். எதிர்த் திசையில் போவது கடினம். எச்சரிக்கைகளை மட்டும் பார்த்துவிட்டு நான்கு ஆண்டு கழித்து நிரல் எழுத வருகிறவர், அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கற்றது எவ்வளவு காலம் நிற்கும் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இணையத்தில் தரவு சிதையாமல் போய்ச் சேர உதவும் டி.சி.பி. நெறிமுறையை வரையறுத்த ஆவணம் 1981-ல் வந்தது. 2022-ல் புதிய ஆவணம் அதன் இடத்தைப் பிடித்தபோதும் அடிப்படை மாறவில்லை. இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ்., தரவுக்கு வழி காட்டும் ரவுட்டிங் போன்றவையும் அப்படித்தான். இந்த அடித்தளத்தை ஒழுங்காகக் கற்றவருக்கு அது பல பத்தாண்டுகள் சோறு போடும். எந்த நிறுவனத்தின் ஃபயர்வாலில் எந்தப் பக்கத்தில் எந்தப் பட்டனை அழுத்துவது என்ற அறிவு சில ஆண்டுகள்தான் தாங்கும். உருவாக்குநர் பக்கத்திலும் இதே கதைதான்: தரவுத்தளங்களும் இயங்குதளங்களும் எப்படி வேலை செய்கின்றன என்ற புரிதல் நிற்கும், பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும் கட்டமைப்புத் தொகுப்புகள் நிற்காது.

நெட்வொர்க் பாதுகாப்பின் வடிவமே மாறியும் வருகிறது. வெளியே எதிரி, உள்ளே நண்பர், நடுவில் ஒரு மதில் என்ற பழைய ஏற்பாடு காலாவதியாகிவிட்டது. உள்ளிருந்து வரும் கோரிக்கையையும் நம்பாதே, ஒவ்வொன்றையும் சரிபார் என்ற கொள்கையை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020-ல் தனி ஆவணமாகவே வெளியிட்டது. இணைப்புகளை மறையாக்கம் செய்யும் நெறிமுறையின் 2018-ல் வந்த பதிப்பான டி.எல்.எஸ். 1.3, நடுவில் நின்று பார்க்கும் கருவிக்குத் தெரிவதை இன்னும் குறைத்தது. இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளான கிளவுடில் நெட்வொர்க் என்பது ஒரு கோப்பில் எழுதப்படும் சில நூறு வரிகள். ரவுட்டரைத் தொட்டே பார்க்காமல் முழு நெட்வொர்க்கையும் உருவாக்கலாம், ஒரு வரித் தவறால் உலகுக்கே திறந்தும் விடலாம். எனவே நிரல் எழுதத் தெரியாத நெட்வொர்க் பாதுகாப்பு வல்லுநருக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. பைத்தான் என்ற நிரல் மொழி மட்டுமாவது கைவர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எந்த வேலையை விழுங்கும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: இரண்டிலும் கீழ்ப்படியை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எளிய நிரல்களை இயந்திரம் எழுதுகிறது. எச்சரிக்கைகளை முதல் சுற்றில் சலித்தெடுப்பதையும் இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. புதியவர்கள் பழகிய வேலைகள் இவைதான் என்பது உண்மையான கவலை. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஓடினால் இந்தக் கவலையிலிருந்து தப்பிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். நிரல் எழுதிப் பழகுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்தவர் கணினியில் ஊடுருவிப் பழகுவது பல நாடுகளில் குற்றம். நல்ல நோக்கம் என்பது தற்காப்பாகாது. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட புழு நிரல், அதாவது தானாகவே கணினிக்குக் கணினி பரவும் நிரல், எதையும் அழிக்கவில்லை. ஆனாலும் கட்டுமீறிப் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் கிடைத்தன. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். எல்லோருக்கும் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது. பழகுவதற்கு உங்கள் சொந்தக் கணினியில் மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் கணினிகளை, ஓட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவே

இவ்வளவு நேரம் இரண்டு பக்கங்கள் என்று பேசினாலும், நான் மிகவும் மதிக்கும் வேலைகள் நடுவில்தான் இருக்கின்றன. நெட்வொர்க்கில் எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று பார்க்கும் என்மேப் 1997-ல் வந்தது. நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க், ஈதரியல் என்ற பழைய பெயரில் 1998-ல் வந்தது. ஊடுருவலைக் கண்டறியும் ஸ்நார்ட்டும் அதே ஆண்டு. மூன்றும் தொடக்கத்தில் தனி மனிதர்கள் எழுதியவை. மூன்றும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. நெட்வொர்க்கும் தெரிந்து, நிரலும் எழுதத் தெரிந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது. இன்று இதே இடைவெளியில் செயலிப் பாதுகாப்பு, கண்டறியும் விதிகளை நிரலாக எழுதுவது, வெளியீட்டுக்கு முன்பே ஓட்டைகளைத் தேடும் சோதனைகளை அமைப்பது என்று பல வேலைகள் முளைத்திருக்கின்றன. இரு பக்கத்து மொழியும் பேசுபவர்கள் எப்போதும் குறைவு. அதனால் இவர்களுக்குப் பேரம் பேசும் பலமும் அதிகம்.

பாதுகாப்பில் மிகப் பெரிய முன்னேற்றங்களே எழுதும் பக்கத்திலிருந்து வரலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் ஓட்டைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஹார்ட்பிளீட் அந்த இனம்தான். ஆண்ட்ராய்டில் புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, 2019-ல் 76 விழுக்காடாக இருந்த அத்தகைய ஓட்டைகளின் பங்கு 2024-ல் 24 விழுக்காடாகக் குறைந்ததாக கூகுள் தெரிவித்தது. எந்த ஃபயர்வாலும் இப்படி ஓர் இனத்தையே வற்றச் செய்ததில்லை.

முன்பு சொன்ன விதிவிலக்குகளுக்கு வருகிறேன். ஏற்கெனவே நெட்வொர்க் அல்லது சர்வர் நிர்வாகத்தில் இருப்பவர் நிரல் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. நேராகப் பாதுகாப்புக்குப் போகலாம், போகிற வழியில் பைத்தானைக் கற்றுக்கொண்டால் போதும். புதிதாக ஒன்றை உருவாக்குவதில் மகிழ்ச்சியே இல்லாமல், ஒன்று எப்படி உடையும் என்பதிலேயே மனம் போகிறவரும் நேராகப் போகலாம். அவரை மூன்று ஆண்டு பட்டன்கள் செய்ய வைப்பது கொடுமை. தொந்தரவில்லாத தூக்கம் வேண்டும் என்பவருக்கு இரண்டிலும் கவனம் தேவை: உருவாக்குநர்களுக்கும் இரவு அழைப்பு முறை உண்டு, ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து வேண்டுமென்றே விடுமுறை நாளைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பில்தான்.

எந்த வகை நீங்கள் என்று தெரியவில்லை என்றால், நீங்களே எழுதிய சிறிய இணையச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அதில் புதிய வசதி ஒன்றைச் சேருங்கள். அடுத்த வாரம் வசதி எதையும் சேர்க்காமல், வயர்ஷார்க்கில் அதன் போக்குவரத்தைப் பாருங்கள். எதிர்பாராத உள்ளீடுகளைக் கொடுங்கள். அடுத்தவர் கணக்கை உங்கள் கணக்கிலிருந்து திறக்க முடிகிறதா என்று பாருங்கள். கண்டதை இரண்டு பக்க அறிக்கையாக எழுதுங்கள். அந்த அறிக்கை எழுதும்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்பது முக்கியமான தகவல்.

பிறகு வேலை தேடிப் போகும்போது நீங்களும் சில கேள்விகள் கேளுங்கள். உருவாக்குநர் வேலை என்றால், ஒரு மாற்றம் எழுதப்பட்டு வெளியாக எத்தனை நாள் ஆகிறது, அதை யார் பார்த்துச் சரி சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பாதுகாப்பு வேலை என்றால், கடந்த ஆண்டு உங்கள் குழு சுட்டிக்காட்டிய குறைகளில் எத்தனை சரிசெய்யப்பட்டன, ஒரு வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறதா, கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால், அந்த நிறுவனத்தில் உருவாக்குநர் பணியிடம் ஏதும் காலியாக இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.